ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த பெயர்

மக்கா,

சுகமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. உன் கம்பெனிக்காரர்கள் உன் கையில் கட்டிவிட்ட கடிகாரம் உன் நாடித்துடிப்பையும் தூக்கத்தையும் எண்ணி யாருக்கோ அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பெற்றவளுக்குத் தெரிவதற்கு முன்னால் உன் சுகம் அவர்களுக்குத் தெரிந்துவிடும். எனக்குச் சுகம்தான். முட்டுவலி கொஞ்சம் கூடியிருக்கிறது. சர்க்கரை அளவு முன்னே பின்னே இருக்கிறது. பின்பக்கத்து ரப்பர் மரங்களில் பால் வெட்டக் கிடைத்த புது ஆள் வாரத்தில் மூன்று நாள் வருகிறான், மீதி நாள் காரணம் சொல்கிறான். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் "அம்மா, இன்னொரு கால் வருது" என்பாய். காகிதத்துக்கு இன்னொரு கால் வராது. கூரியரில் போட்டால் வியாழக்கிழமைக்குள் சென்னையில் உன் கைக்குக் கிடைத்துவிடும் என்று கடைக்காரப் பையன் சொன்னான். திங்கட்கிழமை நீ டெல்லிக்குப் போவதற்கு முன்னால் இதைப் படித்தாக வேண்டும். பாதியில் மடித்து வைக்காதே.

எனக்கு உன்மேல் கோபம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். மூன்று மாதமாகக் கோபம். உனக்குப் பாராட்டு விழா என்று சொல்லி சென்னையில் அந்தப் பெரிய ஓட்டலுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாயே, அன்றிலிருந்து. அதற்கப்புறம் நீ கூப்பிடும்போதெல்லாம் "சாப்பிட்டியா, மழை உண்டா" என்று பேசி வைத்தேன். நாற்பது வருஷம் நர்சாக இருந்தவளுக்கு முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்கத் தெரியாதா என்ன. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை தாசையண்ணன் வீட்டுச் சொர்ணம் ஒரு காரியம் செய்தாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால், உனக்குத் தெரிந்ததையே உனக்கு நான் ஒருதரம் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ சென்னையில் ஒரு அறையில் உட்கார்ந்து பார்த்தாய். நான் இங்கே நின்று பார்த்தேன். இரண்டும் ஒன்றில்லை.

நம் ஆஸ்பத்திரியை நீ மறந்திருக்க மாட்டாய். மிஷன்காரர்கள் கட்டிய ஓட்டுக் கட்டடம், முப்பது படுக்கை, ஒரு டாக்டரம்மா, எட்டு நர்சுகள், நான் நர்சிங் சூப்பிரண்டு. உன் அப்பா போனபிறகு உன்னைப் படிக்க வைத்தது அந்தச் சம்பளம்தான். கொரோனா முதல் தடவை வந்து தணிந்திருந்த சமயத்தில் டாக்டரம்மா சொன்னார்கள், "இது திரும்பியும் வரும், அப்ப மூச்சுக்குத்தான் ஓட்டம் ஓட வேண்டியிருக்கும்." கையில் இரண்டே இரண்டு ஆக்சிஜன் சிலிண்டர்தான் இருந்தது. அந்த வருஷம் அறுப்பின் பண்டிகை ஏலத்தைச் சிலிண்டர் வாங்குவதற்கென்றே நடத்தலாம் என்று சபையில் தீர்மானித்தார்கள். நம் ஏலம் எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியும். ஒருத்தர் படைத்ததை இன்னொருத்தர் ஏலத்தில் எடுப்பார், எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் திரும்பக் கோவிலுக்கே கொடுப்பார், அது மறுபடி ஏலத்துக்கு வரும். அன்றைக்கு ரப்பர் பால் வெட்டுகிற தாசையண்ணன் கொண்டுவந்த ஒரு செந்துளுவன் வாழைக்குலை பதினோரு தடவை விலைபோனது. மாஸ்க் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் நின்று கத்தினார்கள். கடைசியாக எடுத்ததும் தாசையண்ணன்தான். தன் குலையைத் தானே ஏலத்தில் எடுத்துக்கொண்டு, "எனக்கக் குலைக்கு இம்புட்டு விலையா லேய், தெரிஞ்சிருந்தா வீட்டுலயே தின்னிருப்பேனே" என்று சொல்லிச் சிரித்தார்.

பத்து சிலிண்டர் வந்தது. நம் ஆட்கள் கோவிலுக்கு ஒரு டியூப்லைட் கொடுத்தாலே அதில் பெயர் எழுதாமல் விடமாட்டார்கள். ஃபேன் இறக்கையில் பெயர், பெஞ்சின் முதுகில் பெயர், அசன விருந்துக்குச் சோறு வடிக்கிற அண்டாவில் பெயர். சிலிண்டரை மட்டும் சும்மா விடுவார்களா. பெஞ்சுக்கு எழுதுகிற பெயின்டரையே கூப்பிட்டு, கறுத்த உடம்பில் வெள்ளை எழுத்தில் ஒவ்வொன்றிலும் எழுதினார்கள். 'ஸ்தோத்திர காணிக்கை, தாசையன் குடும்பம்' என்று ஒன்றில். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார்கள், "சிஸ்டர், இது என்ன ஆஸ்பத்திரியா, கல்லறைத் தோட்டமா?" எனக்கும் அன்று சிரிப்பு வந்தது.

இரண்டாவது தடவை அது வந்தபோது உத்தரவும் கூடவே வந்தது. சின்ன ஆஸ்பத்திரிகளில் உள்ள சிலிண்டரையெல்லாம் ஒரு பொதுச் சேமிப்புக்கு ஒப்படைக்க வேண்டும், இரண்டு மட்டும் வைத்துக்கொள்ளலாம், தேவைப்பட்டால் போர்ட்டலில் கேட்டால் வந்து சேரும், இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு கட்டுப்பாட்டு அறை இருக்கும், அதை அரசாங்கத்துக்காக நடத்துவது இன்ன மருத்துவமனைக் குழுமம் என்று போட்டிருந்தது. உன் கம்பெனி. உன் அறை. டாக்டரம்மா அந்தத் தாளை மேஜைமேல் எறிந்துவிட்டு, "நான் தரமாட்டேன். போலீசோட வந்து எடுத்துட்டுப் போகட்டும்" என்றார்கள். எழுபது வயசுப் பொம்பளைக்கு இருந்த முதுகெலும்பு எனக்கு இல்லை. நான் உன்னைக் கூப்பிட்டேன். நீ சொன்னது ஒரு எழுத்து விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "குடுத்துருங்கம்மா. எல்லாத்தையும் ஒரு எடத்துல வச்சிட்டு, ஆருக்குத் தேவையோ அவங்களுக்கு எடுத்துக் குடுப்போம். நாளைக்கு நமக்கு வேணும்னா நமக்கு வரும். நான் இங்கதான இருக்கேன்." அந்தக் கடைசி வாக்கியம் போதும் எனக்கு. நேரே டாக்டரம்மாவிடம் போய், "என் பிள்ளை அங்கதான் இருக்கான், அவன் சொல்லிட்டான், பயப்படாதீங்க" என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் உத்தரவை நம்பவில்லை, கம்பெனியை நம்பவில்லை. என்னை நம்பினார்கள்.

லாரி காலை பத்து மணிக்கு வந்தது. அதற்கு முன்னாலேயே ஒரு உறையில் ஸ்டிக்கர்கள் அனுப்பியிருந்தார்கள், கோடுகோடாகப் போட்டு, நம்பரோடு. எல்லாச் சிலிண்டரிலும் துடைத்துச் சுத்தமான இடத்தில் ஒட்ட வேண்டும் என்று குறிப்பு. சிலிண்டரில் வழவழப்பாக இருந்த இடம் பெயின்டர் உப்புத்தாள் வைத்துத் தேய்த்து எழுதிய இடம்தான். நானே ஒட்டினேன். ஒழுங்காக, காற்றுக் குமிழ் இல்லாமல், பெருவிரலால் அழுத்தி அழுத்தி. தாசையண்ணன் அன்று பால் வெட்டி முடித்து, பால் வாளியோடு ஆஸ்பத்திரி வழியாகத்தான் போனார். நின்று பார்த்தார். "என்ன சிஸ்டரே, எனக்கப் பேர மறைச்சு ஒட்டுதியளே?" என்று கேட்டார். "அண்ணா, பேரு உள்ளதான இருக்கு, எங்க போவும்? நம்ம பிள்ளயாக்கும் அங்க இருந்து பாத்துக்கிடுவான்" என்றேன். "அவன் இருக்கானா? அப்பம் கொள்ளாம்" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார். நீ நாகர்கோவிலில் காலேஜ் சேர்ந்த அன்று உன் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்து பஸ் ஸ்டாண்டுவரை வந்த மனுஷன். உன்னைப்பற்றி அவரிடம் அதற்குமேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஏழாவது நாள் அவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். விரலில் மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் எண்பத்திரண்டு. இருந்த இரண்டு சிலிண்டரும் வேறு இரண்டு பேர் மூக்கில் இருந்தது, ஒன்று ஒரு பிள்ளைத்தாய்ச்சி. எதைப் பிடுங்கி எதில் மாட்ட? காலை எட்டு மணிக்குப் போர்ட்டலில் கேட்டேன். 'உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது' என்று வந்தது. ஒன்பது மணிக்குக் கேட்டேன், அதே பதில். கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டால் ஒரு பெண்குரல் தமிழுக்கு ஒன்றை அழுத்து என்றது. அழுத்தினேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றது. பாட்டுப் போட்டது மக்கா, பாட்டு! உன்னைக் கூப்பிட்டேன். எத்தனை தடவை என்று உன் போன் சொல்லியிருக்கும். பதினொன்றரைக்கு உன்னிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. 'மீட்டிங்கில் இருக்கிறேன். போர்ட்டலில் போடுங்கள்.' அதைப் படித்தபோதுகூட எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளை நமக்காகத்தான் மீட்டிங்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன். அப்படி ஒரு மடச்சி நான்.

அவருக்குப் பேச்சு இடையிடையே அறுந்தது. ஆனாலும் வாய்க் குசும்பு போகவில்லை. சிலிண்டரை அவர் குற்றி என்றுதான் சொல்வார். "சிஸ்டரே, எனக்கப் பேரு எழுதின குற்றி எங்க? அதக் கொண்டு வையுங்க. அடுத்தவனுக்கத வச்சா எனக்கு மூச்சு ஏறாது, கேட்டியளா" என்றார். "வருது அண்ணா, வண்டி ஏத்தியாச்சாம்" என்று பொய் சொன்னேன். கவிழ்ந்து படுக்க வைத்தேன், முதுகைத் தட்டினேன், தெரிந்ததையெல்லாம் செய்தேன். டாக்டரம்மா மார்த்தாண்டம் பக்கம் தெரிந்த ஒவ்வொருவருக்கும் போன் போட்டார்கள். எல்லோரும் ஒப்படைத்துவிட்டிருந்தார்கள். மத்தியானம் இரண்டேகாலுக்கு முடிந்தது. வாசலில் கேட்டைப் பிடித்தபடி சொர்ணம் நின்றாள், அவர் சம்சாரம், உள்ளே விட அனுமதி இல்லாமல். நான் வெளியே வந்து நின்ற நிலையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நான்கு பேர் மட்டும் நின்று அடக்கம் செய்தோம். ஒரு வாரம் கழிந்து சொர்ணம் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. "சிஸ்டரே, ஒரு காரியம் கேக்கட்டா? அத ஆரு எடுத்துட்டுப் போவச் சொன்னா?"

"மேலிடத்து உத்தரவாக்கும் சொர்ணம்."

"மேலிடத்துல ஆரு?"

"எனக்குத் தெரியாது பிள்ளே" என்றேன். உன்னிடம் கேட்டுத்தான் கொடுத்தேன் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. சபையில் கேட்டவர்களிடமும் சொல்லவில்லை. தாசையண்ணனிடம் நான் உன் பெயரைச் சொன்னது அவரோடு மண்ணுக்குள் போய்விட்டது. டாக்டரம்மாவும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. உன்னைக் காப்பாற்ற ஒரு சொல் கிடைத்தது எனக்கு, மேலிடம் என்று. நல்ல சொல். முகம் கிடையாது, வீடு கிடையாது, கோவிலில் வந்து உட்காராது. யார் வேண்டுமானாலும் திட்டலாம், யாருக்கும் உறைக்காது. இத்தனை வருஷமும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் உன்னை ஒளித்து வைத்திருந்தேன். அப்போதுகூட ஒரு நல்ல பிள்ளையை வீண் பழியிலிருந்து காக்கிறேன் என்றுதான் நினைத்தேன், மக்கா. நீயும் ஏமாந்திருப்பாய் என்று நினைத்தேன்.

பிறகு அந்த ஓட்டல். குளிர் தாங்காமல் முந்தானையைப் போர்த்திக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் ஒருவர் உன்னை 'நெருக்கடியின் மூளை' என்றார். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். ஒரு படம் போட்டார்கள். உங்கள் ஆஸ்பத்திரி, பளிங்குத் தரை, ஒரு ஆளுக்கு ஒரு அறை, கையசைக்கிற நோயாளிகள். ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் கறுத்த சிலிண்டர் ஒன்று நின்றது. ஸ்டிக்கர் ஒரு மூலை பிய்ந்து தொங்கியது. அதற்கடியில் வெள்ளை எழுத்தில் 'தாசைய' என்று தெரிந்தது. அந்த மூலையைக் கையெல்லாம் ஈரமாக இருக்கும்போது ஒட்டினேன், அதுதான் பிய்ந்திருக்கிறது. நான் திரும்பி உன்னைப் பார்த்தேன். நீ படத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

காரில் வரும்போது நாம் பேசியதை நீ மறந்துவிட ஆசைப்பட்டிருப்பாய். நான் கேட்டேன், "எங்களுக்கு ஒண்ணும் திரும்பி வராதுன்னு அன்னைக்கே உனக்குத் தெரியுமா?" நீ கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாய், "லிஸ்ட்டுல உங்க ஆஸ்பத்திரி கிடையாதும்மா. ஐம்பது படுக்கைக்குக் கீழ உள்ளதெல்லாம் எடுக்கதுக்கு மட்டுந்தான். குடுக்கது பெரிய எடங்களுக்கு." ஆரு அப்படித் தீர்மானித்தது என்று கேட்டேன். "மேல" என்றாய். மேல ஆரு என்று கேட்டேன். சொர்ணம் கேட்ட அதே கேள்வி என் வாயிலிருந்து வந்தது. நீ சொன்னாய், "ஷீட்ட நான்தான் தயார் பண்ணினேன். ஐம்பதுன்னு கோடு போட்டதும் நான்தான். அவங்க பாத்துட்டு ஓகே சொன்னாங்க. அதான் ஒழுங்கான வழிம்மா. அங்க ஐசியூ இருந்துது, ஸ்பெஷலிஸ்ட் இருந்தாங்க. ஒரு சிலிண்டருக்கு அங்க பயன் கூடுதல்." அப்போ எதுக்கு என்னிடம் நாளைக்கு நமக்கு வேணும்னா வரும் என்று சொன்னாய் என்று கேட்டேன். டிரைவரிடம் ஏசியைக் குறைக்கச் சொன்னாய்.

கேள், உனக்கு நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தப் பளிங்குத் தரை ஆஸ்பத்திரியில் தாசையண்ணன் பெயர் எழுதிய மூச்சை இழுத்துப் பிழைத்தவனும் ஒரு அம்மை பெற்ற பிள்ளைதான். அவன் நன்றாக இருக்கட்டும். ஒரு இடத்தில் கூட்டிச் சேர்ப்பது தப்பு என்றும் சொல்லமாட்டேன். பதினோரு தடவை ஒரு குலையை விற்று நாங்களும் கூட்டித்தான் சேர்த்தோம். ஆனால் நம் சபையில் ஒரு ஃபேனை மேற்கு வரிசையிலிருந்து கிழக்கு வரிசைக்கு மாற்றப் பார்த்தால் மூன்று மாதம் கமிட்டியில் சண்டை நடக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முகத்துக்கு நேரே கேட்பார்கள், "இது எனக்க அப்பன் தந்ததாக்கும், மாற்ற நீ ஆரு?" என்று. சிறுவயசில் அதைப் பார்த்து நீ வெட்கப்படுவாய், "என்னம்மா இது, காட்டுமிராண்டித்தனமா" என்பாய். எனக்கும் அப்போது அப்படித்தான் பட்டது. இப்போது சொல்கிறேன், உன் அறையில் ஒரே ஒருத்தர் அப்படி வேட்டியை மடித்துக் கட்டி நின்றிருந்தால் அந்த ஐம்பதாம் நம்பர்க் கோட்டை நீ போட்டிருக்க முடியுமா? கொடுத்தவன் யாரும் உள்ளே வரமுடியாத இடத்தில் உட்கார்ந்து போட்ட கோடு அது. அந்தக் கோட்டைப் போட்டவர்களின் ஆஸ்பத்திரியில்தான் சிலிண்டரெல்லாம் போய் நின்றது என்பதை மட்டும் ஒருத்தரும் மேடையில் சொல்லவில்லை. நம் ஆஸ்பத்திரியை மறு வருஷம் பூட்டினார்கள். மூச்சுக்கு வழியில்லாத ஆஸ்பத்திரிக்கு யார் வருவார்கள்? இன்று நம் ஆஸ்பத்திரி இருந்த சந்திப்பில் உங்கள் கம்பெனி கிளினிக்கின் விளக்குப் போர்டு எரிகிறது. ரத்தம் எடுப்பார்கள், டவுனுக்கு எழுதிக் கொடுப்பார்கள். டாக்டரம்மா தங்கச்சி வீட்டில் இருக்கிறார்கள், பார்க்கப் போனால் என்னோடு மழையைப்பற்றிப் பேசுகிறார்கள்.

உனக்கு அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், என்னிடமிருந்துதான். இது உனக்கு நான் சொல்லாத கதை. வேலைக்குச் சேர்ந்த மறு வருஷம், ஒரு பெரிய டாக்டர் சீட்டில் எழுதிய ஊசி மருந்து அளவு கூடுதல் என்று எனக்குத் தெரிந்தது. நன்றாகத் தெரிந்தது. கேட்டால் திட்டுவார் என்று கேட்கவில்லை. எழுதியிருந்தது, போட்டேன். அந்த அம்மாளுக்குக் காது போய்விட்டது. விசாரணையில், "ஆர்டரில் இருந்தது ஐயா, கொடுத்தேன்" என்றேன். என்மேல் தப்பில்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். அந்த வருஷமே கீழ்ப்படிதலுக்காக எனக்கு ஒரு சான்றிதழ் தந்தார்கள். நீ சின்ன வயசில் நம் வீட்டு நடையறைச் சுவரில் பார்த்தாயே, அதுதான். அதைக் காட்டித்தான் உன்னை வளர்த்தேன், "மேல உள்ளவங்களுக்கு நமக்குத் தெரியாதது தெரியும், சொன்னதைச் செய்" என்று. நீ எனக்கும் மேலே போய்விட்டாய். நான் எழுதினதைச் செய்தேன், நீ எழுதுகிற இடத்துக்கே போய்விட்டாய். நேற்று அந்தச் சான்றிதழைக் கழற்றிவிட்டேன். சுவரில் சதுரமாக ஒரு வெளுத்த இடம் இருக்கிறது, வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.

இப்போது சொர்ணம் செய்ததைச் சொல்கிறேன். நீ டெல்லிக்குப் போகிற சங்கதியை நான் யாரிடமும் சொல்லவில்லை. நாடு முழுக்க அடுத்த தடவைக்கு ஒரே அறை, அதற்கு நீ தலைவன், "இனி எல்லாம் ஒரே எடத்துல இருந்தும்மா" என்று நீ போனில் சந்தோஷமாகச் சொன்னதை எப்படி வெளியே சொல்வேன்? ஆனால் உன் படம் பேப்பரில் வந்துவிட்டது. போன ஞாயிறு ஆராதனை முடிந்து சொர்ணம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சிஸ்டரே, நம்ம பிள்ளைய கர்த்தர் ஒசத்தி வச்சிருக்காரு, நீங்க எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லல்லியே" என்றாள். "அவன் மேல இருந்தா இனி எங்கள மாதிரி உள்ளவங்களுக்கு ஒரு கதி உண்டு. உங்க அண்ணன் இருந்தா நெஞ்ச நிமித்திட்டு நடந்திருப்பாரு." பிறகு பையிலிருந்து ஸ்தோத்திர காணிக்கைக் கவர் ஒன்றை எடுத்துக் காட்டினாள். வருகிற ஞாயிறு அறுப்பின் பண்டிகை. போதகர் கவர்களை ஒவ்வொன்றாக எடுத்து, யார், எதற்காக என்று மைக்கில் வாசிப்பார். அவள் பேரப்பிள்ளையை விட்டு எழுதச் சொல்லியிருக்கிறாள், 'சிஸ்டரின் மகனுக்குக் கிடைத்த உயர்வுக்காக, தாசையன் குடும்பம்' என்று.

நான் அன்று வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. நீ என்னை ஏமாற்றினாய், சரி, பெற்றவள் பொறுத்துக்கொள்ளலாம். பெற்ற கடனுக்கு இன்னும் எவ்வளவோ பொறுத்திருக்கிறேன். அந்தக் கவரை மைக்கில் வாசிக்க, முன்வரிசையில் உட்கார்ந்து நான் தலையாட்டிக்கொண்டு கேட்க வேண்டுமா? முடியாது. செத்தாலும் முடியாது. சொர்ணத்திடம் தனியாகச் சொல்லிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அது போதாது. அந்தப் பத்துச் சிலிண்டரும் எல்லோர் முன்னாலும் ஏலம் போய் வந்தது, எல்லோர் முன்னாலும் பெயர் எழுதி வைத்தது. என் கையால் அந்தப் பெயர்களை மூடினேன். திறப்பதும் எல்லோர் முன்னாலும்தான் வேண்டும். கவர்கள் வாசிப்பதற்கு முன்னால் சபையார் எழுந்து சாட்சி சொல்கிற நேரம் உண்டு. அப்போது நான் எழுந்திருப்பேன் என்று போதகரிடம் சொல்லியாயிற்று. என்ன சாட்சி என்று அவர் கேட்கவில்லை. சிஸ்டர் பிள்ளைக்காக நன்றி சொல்லப் போகிறார்கள் என்று நினைத்துச் சிரித்தார், பாவம்.

உன் வேலை போகுமா, உன் கம்பெனி என்ன செய்யும், டெல்லிக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்டு எனக்குப் போன் பண்ணாதே. எடுக்கமாட்டேன், நான் அன்று கூப்பிட்டதுபோல நீயும் கூப்பிட்டுப் பார். எனக்குப் பயமில்லை என்று நினைக்காதே. இந்த ஊரில் நாற்பது வருஷம் சிஸ்டர் என்று கூப்பிட்ட வாயெல்லாம் என்ன சொல்லுமோ என்று பயம். நீ இனி என்னை அம்மா என்று கூப்பிடுவாயா என்றும் பயம். நீ என்மேல் கோபப்பட்டால் படு. ஒன்றே ஒன்று கேட்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் ரயில் ஏறு. பண்டிகை ஆராதனை பத்து மணிக்கு. என் பக்கத்தில் நிற்க வேண்டாம், ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாலும் போதும். சாட்சி நேரத்தில் நீ எழுந்தால் நான் உட்கார்ந்துவிடுவேன். ஐம்பது என்று கோடு போட்டது நான்தான் என்று நீயே சொல். அடுத்த கோட்டை எங்கே போடுவாய், அப்போது யாரைக் கேட்பாய் என்றும் அவர்களே உன்னிடம் கேட்கட்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் கேட்பார்கள், அதை நின்று கேட்டுவிட்டு டெல்லிக்குப் போ.

நீ வராவிட்டால் நான் சொல்வேன். மேலிடத்தில் யார் என்று அவள் என்னிடம் கேட்டாள். தெரியாது என்றேன். ஞாயிற்றுக்கிழமை சொர்ணத்தின் முகத்தைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்வேன். இதே கோவிலில், ஞானஸ்நானத் தண்ணீர் தெளிக்கும்போது நீ வீறிட்டு அழ, போதகர் குனிந்து என்ன பெயர் என்று கேட்க, எல்லோருக்கும் கேட்கும்படி நான் சொன்ன பெயர்தான் அது.

உன் அம்மா